சாங்கியின் பெரிய பீரங்கியும் மூன்று பவுண்ட் துப்பாக்கியும்

சாங்கி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது விமான நிலையம். அடுத்து, சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தின் நாசி லெமாக். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் உபின் தீவுக்குப் படகு ஏறும் துறை. இந்த வட்டாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பிரிட்டிஷ் பேரரசு தன் மிகப் பெரிய கடற்கரைப் பீரங்கிகளை நிறுத்திவைத்த இடம் இது. விடுமுறை நாளில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் அந்தப் பீரங்கியின் கதையைப் பார்த்துவிட்டு வரலாம். அதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கதை, ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பிறந்த ஒரு சின்னத் துப்பாக்கியுடையது.

தானா மேரா பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் ஏறினால், அப்பர் சாங்கி ரோடு நார்த் வழியாக சாங்கி வில்லேஜ் வரை போகலாம். வழியில்தான் சாங்கி தேவாலயமும் அரும்பொருளகமும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, கோஸ்ஃபர்ட் சாலையில் இருக்கிறது ஜோகூர் பீரங்கித் தளம்.

கடலுக்காகச் செய்த பீரங்கி

இப்போது அங்கே நிற்பது மாதிரிப் பீரங்கிதான். ஆனாலும் அதன் அருகில் நின்றால் அசலின் அளவு புரிந்துவிடும். குழலின் வாய் 15 அங்குலம். அசல் குழலின் நீளம் 16 மீட்டர், எடை ஏறக்குறைய 100 டன். ஒரு குண்டின் எடை சுமார் 880 கிலோ. அது 30 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். 1912ல் போர்க்கப்பல்களுக்காக வடிவமைக்கப்பட்ட வகை இது. இப்படி மூன்று பீரங்கிகள் 1930களின் பிற்பகுதியில் இங்கே நிறுவப்பட்டன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக 1935ல் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் கொடுத்த 5 லட்சம் பவுண்டில் பெரும்பகுதி இதற்குப் போனது. ஜோகூர் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

'பீரங்கிகளைத் தவறான திசையில் திருப்பி வைத்திருந்தார்கள், அதனால்தான் சிங்கப்பூர் விழுந்தது' என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. உண்மை அவ்வளவு எளிதல்ல. சாங்கிப் பீரங்கிகளை நிலத்தின் பக்கமும் திருப்ப முடிந்தது. ஜப்பானியர் நெருங்கியபோது அவை ஜோகூரை நோக்கிச் சுட்டன. சிக்கல் குண்டுகளில் இருந்தது. கையிருப்பில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கச் செய்தவை. தரையில் பரவி வரும் காலாட்படையின்மீது விழுந்தால், அவை மண்ணுக்குள் ஆழப் புதைந்துதான் வெடிக்கும். எதிரி கடல் வழியாகக் கப்பலில் வருவான் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு அது. எதிரியோ மலாயாவுக்குள் சைக்கிளில் வந்தான்.

1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். 12ஆம் தேதி பிரிட்டிஷார் தங்கள் பீரங்கிகளைத் தாங்களே வெடிவைத்து அழித்தார்கள். 15ஆம் தேதி சரணடைந்தார்கள். தளத்தின் நிலத்தடிப் பாதைகளை 1991ல் சிறைத்துறையினர் கண்டுபிடிக்கும்வரை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள்.

பொம்மைக் கம்பெனியில் பிறந்தது

இப்போது சின்னத் துப்பாக்கிக்கு வருவோம். சப்மெஷின் கன் என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சரமாரியாகச் சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கி. முதல் உலகப் போரின் முடிவில், 1918ல், ஜெர்மானியர் பதுங்குகுழிச் சண்டைக்காக இதைக் களமிறக்கினார்கள். அமெரிக்காவின் தாம்சன் துப்பாக்கி அதன்பின் வந்தது. சிகாகோ குண்டர்கள் பயன்படுத்திய ஆயுதம் என்று பிரிட்டிஷ் ராணுவ வட்டாரத்தில் அதைப் பற்றி ஓர் ஏளனம் இருந்தது.

1940 மே, ஜூன் மாதங்களில் டன்கர்க் கடற்கரையிலிருந்து உயிர் தப்பிவந்த பிரிட்டிஷ் படை ஆயுதங்களில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. அதோடு அந்த ஏளனமும் போயிற்று. அவசரமாகத் தாம்சன்களை வாங்கினார்கள். மலாயாவில் இருந்த சில படைப்பிரிவுகளுக்கும் அவை வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றின் விலை ஏறக்குறைய 200 அமெரிக்க டாலர். அதுவும் அட்லாண்டிக்கைக் கடந்து வரவேண்டும்.

மேஜர் ரெஜினால்ட் ஷெப்பர்ட், என்ஃபீல்டு ஆயுத ஆலையைச் சேர்ந்த ஹெரால்ட் டர்ப்பின் இருவரும் விலைக்கு ஒரு விடை தேடினார்கள். 1941 ஜனவரியில் மாதிரி தயார். இருவரின் பெயர்களின் முதல் எழுத்துகளோடு ஆலைப் பெயரின் தொடக்கத்தைச் சேர்த்து 'ஸ்டென்' என்று பெயர் வைத்தார்கள்.

அது வேலை செய்த விதம் மிக எளிது. கனமான இரும்புத் துண்டு ஒன்று ஸ்பிரிங்கை அழுத்தியபடி பின்னால் நிற்கும். விசையை இழுத்தால் அது முன்னே பாயும். போகிற வழியில் இடப்பக்கப் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக் குழலில் செருகி வெடிக்கவைக்கும். வெடியின் உந்துதலில் அதே இரும்பு பின்னால் வரும், காலி உறை வெளியே விழும். விசையை விடாதவரை இது திரும்பத் திரும்ப நடக்கும்.

வளைத்த தகடு, குழாய், பற்றவைப்பு, இவ்வளவுதான் வேலை. மிக எளிய வகையில் 47 பாகங்கள். ஒன்றைச் செய்ய ஐந்து மணி நேர உழைப்பு போதும். விலை மூன்று பவுண்டுக்கும் குறைவு. அந்த வகையைச் செய்துகொடுத்தது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி! போர் முடிவதற்குள் ஏறக்குறைய 40 லட்சம் ஸ்டென்கள் உருவாகின.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. தோட்டாப் பெட்டியின் வாய் கொஞ்சம் நசுங்கினால் சிக்கிக்கொள்ளும். கீழே விழுந்தால் தானாகவே சுட்டுவிடும். குழாய் ரிப்பேர்க்காரனின் தலைவலி என்று சிப்பாய்களே கேலி செய்தார்கள். ஆனாலும் 1945ல் ஜெர்மனியே அதைப் பார்த்து நகல் செய்தது.

துப்பாக்கிக்கு எஜமான் தெரியாது

சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் 40,000க்கும் மேற்பட்டோர் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டார்கள். சிராங்கூன் சாலையில் கடைக்குப் போகும் நாம் கடந்து செல்லும் அதே ஃபேரர் பார்க்தான். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அங்கே. பின்னர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள்.

ஸ்டென் இந்த மண்ணுக்கு வந்தது வேறு வழியில். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போரிட்ட கெரில்லாக்களுக்காக, ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் பிரிவு 1945ல் விமானங்களிலிருந்து பாராசூட்டில் ஆயுதங்களை இறக்கியது. போர் முடிந்ததும் கெரில்லாப் படை கலைக்கப்பட்டது. ஆனால் ஆயுதங்களில் ஒரு பகுதி காட்டிலேயே ஒளித்துவைக்கப்பட்டது. 1948ல் அவசரகாலம் தொடங்கியபோது அதே துப்பாக்கிகள் வெளியே வந்தன, கொடுத்தவர்களுக்கு எதிராகவே. ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. பகலில் ஒரு துப்பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டும், இரவில் இன்னொன்றுக்கு. எளிதில் செய்து எளிதில் கொடுக்கும் ஆயுதத்தை எளிதில் திரும்பப் பெற முடியாது.

ஸ்டென்னுக்குப் பதிலாக பிரிட்டிஷ் ராணுவம் 1953ல் ஏற்றுக்கொண்டது ஜார்ஜ் பேட்செட் வடிவமைத்த ஸ்டெர்லிங். இந்தியாவில் அதைக் கான்பூர் ஆலையில் தயாரித்தார்கள். ஊருக்குப் போகும்போது ரயில் நிலையத்தில் காவலர் தோளில், வளைந்த தோட்டாப் பெட்டி பக்கவாட்டில் நீண்டிருக்கும் 'கார்பைன்' ஒன்றைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது.

தெக்கோங் போகும் படகு

சாங்கியில் பார்க்க இன்னோர் இடம் பாக்கி. புதிதாகத் தேசிய சேவையில் சேரும் நம் பிள்ளைகள் தெக்கோங் தீவுக்குப் படகு ஏறும் ஆயுதப் படைப் படகுத்துறையும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. தலைமுடி வெட்டப்படாத கடைசி நாளில் மகனோடு படம் எடுத்துக்கொண்ட பெற்றோர் நம் வீடுகளிலும் உண்டு.

தேசிய சேவை தொடங்கிய 1967ஆம் ஆண்டிலேயே சொந்த ஆயுத நிறுவனமாக சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. முதலில் அமெரிக்க உரிமம் பெற்று எம்16 செய்தார்கள். பிறகு, எம்16 உருவாக்கத்தில் பங்கெடுத்த ஜேம்ஸ் சல்லிவன் இங்கே வந்து அல்டிமேக்ஸ் 100 என்ற இலகுரக இயந்திரத் துப்பாக்கியை வடிவமைத்தார். ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடை. தோளில் உதையும் குறைவு. 1999ல் சார் 21 ரைஃபிள் வந்தது. தெக்கோங்கில் நம் பையன்கள் கையில் கொடுக்கப்படுவது அதுதான்.

பெரிய பீரங்கி கடலில் வராத எதிரிக்காகக் காத்திருந்தது. சின்னத் துப்பாக்கி அவசரத்தில் பிறந்து, யார் யார் கைக்கோ போனது. இரண்டையும் பார்த்த தீவு இது. அதனால்தான் ஆயுதத்தை இங்கேயே செய்து, அதை ஏந்தும் கை நம் வீட்டுக் கையாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்தக் கையின் சொந்தக்காரனை நினைத்துக் கவலைப்படும் அம்மாவுக்கு இது முழு ஆறுதல் ஆகாதுதான்.

சாங்கி போய்விட்டு வந்த மாலையில், வீட்டில் தேசிய சேவை முடித்த அண்ணனோ மாமாவோ இருந்தால், அவருடைய துப்பாக்கியின் எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டு ஆனாலும் பலர் அதை மறப்பதில்லை.