திரும்பாத குறி

பரீட்சைக்கு முதல் நாளிரவு, விடுதியில் என் அடுத்த அறையிலிருந்த இளம் மாணவன் ஒருவன் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து, "அண்ணா, இந்தக் கணக்கு மாத்திரம் பிடிபடவில்லை" என்று நின்றான். பின்னங்கள் அமைந்த அசமன்பாடு அது: க/3 − க/2 > 1/6.

கணிதத்தில் சிறிது பெயர் வாங்கியவன் யான். ஆகவே தூக்கக் கலக்கத்தையும் பாராட்டாது விளக்கப் புகுந்தேன். பின்னத்தைக் கண்டு அஞ்சுவானேன்? பகுதிகளாகிய 3, 2, 6 என்பவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. இருபுறத்தையும் ஆறால் பெருக்கவே, பின்னங்கள் யாவும் மறைந்து 2க − 3க > 1 என்றாயிற்று; அதாவது −க > 1. பெருக்கிய எண் மிகையெண் ஆதலின் குறி மாறவில்லை. இதுகாறும் பழுதில்லை. அப்பால், சமன்பாட்டிற் செய்யுமாறே இருபுறமும் மைனஸை மாற்றி, க > −1 என்று பெருமிதத்துடன் எழுதி முடித்தேன். "இவ்வளவு சுலபமா, அண்ணா!" என்று அவன் மகிழ்ந்து சென்றான்.

மறுநாள் வினாத்தாளில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. யான் கற்பித்தவாறே அவன் எழுதினான்.

மாலையில் எங்கள் கணித ஆசிரியரிடம் என் விடையைக் காட்டினேன். அவர் பிழையென்று கூறவில்லை. "0 போட்டுப் பார்" என்றார். 0, −1ஐவிடப் பெரிதே. ஆனால் இடப்புறம் 0, வலப்புறம் 1/6! "இனி −2 போடு" என்றார். இடப்புறம் 1/3 வந்தது, அசமன்பாடு பொருந்திற்று. யான் ஏற்ற எண் பொய்த்தது. தள்ளிய எண் மெய்யாயிற்று. உண்மை விடை க < −1.

மூன்று ரூபாய் உடையவன் இரண்டு ரூபாய் உடையவனினும் செல்வன். மூன்று ரூபாய் கடன்பட்டவனோ இரண்டு ரூபாய் கடன்பட்டவனினும் வறியன். குறையெண்ணாற் பெருக்கும்போது குறி திரும்புவது இதனாலேயே. தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1631இல், அவர் நூலில் அச்சேறிய குறிகள் இவை. அவ்வளவு பழமையான விஷயத்தில் இடறினேனே என்று நாணினேன்.

அன்றிரவே அவன் அறைக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, "மற்றவை சரியாக எழுதியிருக்கிறேன், அண்ணா" என்றான். உபகாரச் சம்பளம் 3 மதிப்பெண்ணில் அவனுக்குத் தவறிற்று. அக்கணக்கிற்கு 5 மதிப்பெண்.

இப்பொழுதும் அவன் என்னிடமே வருகின்றான். விடை கண்டதும் நோட்டைத் தன்புறம் இழுத்துக்கொண்டு, ஏதேனும் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கின்றான். அவன் நிமிரும் வரை யான் காத்திருக்கின்றேன்.