யாருக்காக நிற்கிறது வண்டி?

போக்குவரத்துக் காவலர் கையை நீட்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் கணத்தில், ஓட்டுநரின் மனத்தில் எழும் முதல் கேள்வி 'என்ன தவறு செய்துவிட்டோம்?' என்பதே. தவறு எதுவும் செய்யாதவருக்கும் அக்கேள்வி எழும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 130ஆம் பிரிவில், சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் தம் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்ட பிறகு ஆவணங்களைக் கைபேசியிலும் காட்டலாம் என்றானது. 2019இன் சட்டத்திருத்தம் அபராதத் தொகைகளைப் பன்மடங்கு உயர்த்தியது. இவ்வளவு மாறியும் சாலையோரக் காட்சியின் இலக்கணம் மாறவில்லை. நிறுத்தப்படுபவர் விசாரிக்கப்படுபவர்; நிறுத்துபவர் விசாரிப்பவர். தலைக்கவசம், இருக்கைப்பட்டை, புகைச் சான்று, காப்பீடு என ஒவ்வொன்றாகக் கேட்கப்பட, 'சார், இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார்' என்ற வேண்டுகோளில் அக்காட்சி பெரும்பாலும் முடிகிறது.

இந்த இலக்கணத்துக்குள் அடங்காத ஒரு நிறுத்தம் அந்தமானில் உண்டு. வட அந்தமானின் திக்லிபூரிலிருந்து தெற்கே போர்ட் பிளேருக்குச் செல்லும் ஒவ்வொரு பேருந்தும் சரக்குந்தும் வாடகை வண்டியும் அதைக் கடந்தே ஆக வேண்டும். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது, ஓட்டுநர்களின் வாயில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.) அந்தமான் டிரங்க் ரோடு, அதாவது இன்றைய நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஏறத்தாழ 330 கிலோமீட்டர் நீளமுடையது. மாயாபந்தர், ரங்கத், கதம்தலா, பாராடாங் என இறங்கிவரும் அச்சாலை, மிடில் ஸ்ட்ரெயிட்டில் நீரிணையைப் படகில் கடந்ததும் ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஜிர்காடாங் வரையிலான ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் எந்த வண்டியும் தன் விருப்பப்படி ஓட முடியாது.

இரு முனைகளிலும் காவல் சாவடிகள் உள்ளன. நாளின் குறிப்பிட்ட சில வேளைகளில் மட்டும், பகல் வெளிச்சத்தில் மட்டும், வண்டிகள் கூட்டமாக அனுப்பப்படுகின்றன. அக்கூட்டத்துக்குத் தமிழ் ஓட்டுநர்களும் வங்க ஓட்டுநர்களும் வழங்கும் பெயர் ஒன்றே: கான்வாய். வண்டி எண்ணும் பயணிகளின் பெயர்களும் பதிவு செய்யப்படும். முன்னும் பின்னும் காவலர் வண்டி செல்லும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, முந்தக் கூடாது, வழியில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் உணவோ துணியோ புகையிலையோ கொடுக்கக் கூடாது. ஜிர்காடாங்கில் விடியுமுன்பே தேநீர்க் கடைகள் விழித்துவிடுகின்றன. இருட்டில் விளக்கணைத்து நிற்கும் வண்டிகளுக்கிடையே 'எத்தனையாவது கான்வாய், அண்ணே?' என்பதே முதல் விசாரிப்பு.

இங்கே நிறுத்தப்படும் ஓட்டுநரின் உரிமம் செல்லுபடியாகும். காப்பீடு நடப்பில் இருக்கும். பிரேக் சரியாக இருக்கும். ஆயினும் அவர் நிற்க வேண்டும். பேரம் பேச இடமில்லை, ஏனெனில் குற்றமில்லை. கட்டி முடித்துக் கிளம்ப அபராதமும் இல்லை. காலம் ஒன்றே செலுத்தப்படுகிறது. திக்லிபூர் அந்தமானின் நெல்லும் காய்கறியும் விளையும் பகுதி. அங்கிருந்து வாழைத்தாரும் கத்தரிக்காயும் ஏற்றி வருபவர் படகுத்துறையில் பின்தங்கினால் ஒரு கான்வாய் போய்விடும். கடைசிக் கான்வாயைத் தவறவிட்டால் இரவு அங்கேயே. வாடும் சரக்கின் கணக்கைச் சாவடியில் யாரும் எழுதுவதில்லை. 'அவர்கள் சில நூறு பேர், நாங்கள் எத்தனை ஆயிரம் பேர்' என்று அவர்கள் கேட்பது இரக்கமின்மையால் மட்டும் அன்று. பத்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணத்தில், காரணம் சொல்லப்படாமல் காத்திருக்க வைக்கப்படும் எவரிடமும் அக்கேள்வி பிறக்கும்.

அந்தக் காரணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது ஒரு முறை தலைகீழாகத் திரும்பிய வரலாறு. ஆங்கிலேயர் காலத்திலேயே ஜாரவாக்களின் எல்லையோரங்களில் 'புஷ் போலீஸ்' என்ற காவற்படை நிறுத்தப்பட்டது. ஜாரவாக்களிடமிருந்து குடியேறியோரைக் காப்பதே அதன் பணி. 1970களில் காட்டை ஊடறுத்துச் சாலை போடப்பட்டபோது எதிர்ப்பு அம்பாக வந்தது. சாலைப் பணியாளர்கள் சிலர் உயிரிழந்தனர். பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில் ஆயுதம் தாங்கிய காவலர் உடன் சென்றது பயணிகளின் பாதுகாப்புக்காகவே. 1997இன் பிற்பகுதியில் ஜாரவாக்கள் கதம்தலாப் பகுதியில் அம்பில்லாமல் குடியிருப்புகளுக்கு வரத் தொடங்கினர். ஈராண்டுக்குள், 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. அதற்குப் பிறகு காவலரின் முகம் மெல்லத் திரும்பியது. வண்டியைக் காட்டிடமிருந்து காத்தவர், காட்டை வண்டியிடமிருந்து காக்க வேண்டியவரானார். சாவடி அதே இடம். சீருடை அதே நிறம். நிற்கும் ஓட்டுநரின் சலிப்பும் அதே. நிறுத்தத்தின் பொருள் மட்டும் நேர்மாறானது. இந்த மாற்றத்தை வண்டியோட்டிகளிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை யாரும் ஏற்றதாகத் தெரியவில்லை.

நீதிமன்றமும் இதில் தலையிட்டது. தமிழ் வாசகர்களுக்கு அது முற்றிலும் தொலைவான வழக்கன்று. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் தொடுத்த வழக்கே, நாடெங்கும் உள்ள காடுகளைப் பற்றிய தொடர்வழக்காக வளர்ந்தது. அதன் ஒரு கிளையில், சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் காப்புக்காட்டினூடே செல்லும் டிரங்க் ரோடு பகுதியை மூட ஆணையிட்டது. மிடில் ஸ்ட்ரெயிட்டிலிருந்து படகேறி பாராடாங்கில் இறங்கும் துறையின் பெயரும் நிலம்பூர்தான் என்பது தற்செயல். சாலை மூடப்படவில்லை. இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. ஆக, ஓட்டுநர்கள் தடையாகக் காணும் கான்வாய், மூடப்பட்டிருக்க வேண்டிய சாலையில் கிடைத்துவரும் சலுகை என்றும் சொல்லலாம்.

அந்தச் சலுகை எப்படிப் பயன்பட்டது என்பதை 2012 ஜனவரியில் உலகம் பார்த்தது. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் செய்யும் காணொளியை 'தி அப்சர்வர்' இதழ் வெளியிட்டது. அதே ஆண்டில், 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இச்சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்து, மார்ச் மாதத்தில் அதை விலக்கிக்கொண்டது. ஒரே கான்வாயில் திக்லிபூரின் காய்கறி வண்டியும் பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைகளைக் காணச் செல்லும் சுற்றுலா வண்டியும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னவருக்கு இச்சாலை பிழைப்பு, பின்னவருக்குப் பொழுதுபோக்கு. இருவரையும் சாவடி ஒரே கயிற்றால் நிறுத்துகிறது. விதியின் சமத்துவம் இங்கே நியாயமாகத் தோன்றவில்லை என்றால், அவ்வுணர்வில் பொருள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாக உடனே நினைவுக்கு வருவது திம்பம் மலைப்பாதை. 2022 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே இரவுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டது. பண்ணாரிச் சாவடியில் சரக்குந்துகள் அணிவகுத்தன. மலைக்கிராம மக்கள் போராடினர். அங்கும் தவறு செய்யாத ஓட்டுநர், தான் காணாத உயிர்களுக்காக நிறுத்தப்படுகிறார். ஆனால் ஒப்புமை இத்துடன் நின்றுவிட வேண்டும். பண்ணாரியில் காக்கப்படுவன விலங்குகள். ஜிர்காடாங்கில் காக்கப்படுவோர் மனிதர்கள். உணவளிக்காதீர், படமெடுக்காதீர், வண்டியை நிறுத்தாதீர் என்ற அறிவிப்புகள் காப்பக நுழைவாயில்களில் காணப்படுபவை போலவே இருப்பதால், நல்ல நோக்கமுள்ள விதியே அம்மக்களைக் காட்சிப்பொருளாக நினைக்கப் பழக்கிவிடக்கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். சாலை வேண்டுமா என்று அவர்களிடம் ஒருபோதும் கேட்கப்படவில்லை.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் எரிச்சலோடு நிற்கும் திக்லிபூர் ஓட்டுநர், தம் ஊரில் இப்படியொரு சாவடி இல்லையே என்று நினைப்பது இயல்பு. ஏன் இல்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. திக்லிபூரைச் சுற்றிய வட அந்தமான், காரி, கோரா, போ, ஜேரு என்னும் குழுக்களின் நிலமாக இருந்தது. பெரிய அந்தமானியர் என்று இன்று சேர்த்தழைக்கப்படும் மக்களின் குழுக்கள் அவை. 1858இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் தொடங்கியபோது அம்மக்கள் பல்லாயிரவர். 1877இன் தட்டம்மையும் பால்வினை நோய்களும் மதுவும் அவர்களை அழித்தன. 1961 கணக்கெடுப்பில் எஞ்சியோர் 19 பேர். போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்து திக்லிபூரில் நிலம் பெற்றவர்களுக்கு இந்த அழிவில் பங்கில்லை. அவர்கள் வந்தபோது அந்நிலம் ஏற்கெனவே காலியாக்கப்பட்டிருந்தது.

திக்லிபூரின் சாலையில் யாரும் யாருக்காகவும் நிறுத்தப்படுவதில்லை. நிறுத்துவதற்குக் காரணமானவர்கள் அங்கே உயிரோடு இல்லை. தெற்கே ஜிர்காடாங்கில் ஓட்டுநர் இழக்கும் சில மணி நேரத்தின் மதிப்பை, வடக்கே தடையின்றி ஓடும் அந்தச் சாலையை வைத்தே அளக்க வேண்டும். அதற்காக ஓட்டுநரின் இழப்பை இழப்பில்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஏரியல் பே துறையிலிருந்து நம்பிக்கைக்குரிய கப்பல் சேவை, சரக்குக்கு முன்னுரிமை, சுற்றுலா வண்டிகளுக்குத் தனி வழி ஆகியன கேட்கப்பட வேண்டிய நியாயங்கள். அவற்றைக் கேட்கும்போது, சாவடிக் கதவை உயர்த்தச் சொல்லும் குரலும் அம்மக்களை மறக்கச் சொல்லும் குரலும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளர்களின் பொறுப்பு.