வயிறு நடத்திய பாடம்

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் பதினெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. உண்ணும் ஒழுக்கம் பற்றிய பாடம் ஆண்டுதோறும் வரும். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த அளவைக் கரும்பலகையில் வட்டம் வரைந்தே விளக்குவேன். பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். சொல்லிக்கொடுத்த நான் எப்படி வாழ்ந்தேன் என்பதை வாசக அன்பர்களிடம் ஒளிக்காமல் கூறிவிடுகிறேன்.

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தேநீர். பிள்ளைகள் ஓதி முடித்துப் போனதும் மற்றொன்று. காலை உணவு பத்து மணிக்கு. சில நாள் அதுவும் இல்லை. இரவு உணவோ இஷாவுக்குப் பின் பத்து மணியளவில். வலீமா விருந்து இருந்தால் வயிறு முட்ட உண்டுவிட்டு, கை காய்வதற்குள் படுக்கை. இவற்றோடு அடிக்கடி தலைவலி, இடுப்புவலி. மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய வலி மாத்திரைகள் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியபோது, வாயுத் தொல்லை என்று எண்ணிச் சீரகத் தண்ணீரும் சோடாவும் குடித்தேன். "ஒரு தடவை டாக்டரைப் பாருங்களேன்" என்று என் மனைவி பலமுறை சொன்னார். கேட்கவில்லை.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மலம் தார்போல் கறுத்துப் போயிற்று. மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லக் கூசினேன். நான்காம் நாள் காலை, பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கும்போதே கண் இருண்டது. பக்கத்தில் இருந்த சிறுவன் என் கையைப் பிடித்து, "ஹஜ்ரத், உங்க கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு" என்று கூவியது மட்டுமே நினைவில் இருக்கிறது.

மருத்துவமனையில் இரண்டு புட்டி இரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பி என்னும் குழாய்ப் பரிசோதனையில், சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருந்து இரத்தம் கசிவது தெரிந்தது. "படித்தவர் நீங்கள், மலம் கறுத்த அன்றே வந்திருக்க வேண்டாமா?" என்று மருத்துவர் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வலி மாத்திரைகள் இரைப்பையைக் காக்கும் உள்தோலின் வலிமையைக் குறைத்துவிடுகின்றன என்றும், அத்துடன் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும் என் வயிற்றில் இருக்கிறது என்றும் விளக்கினார்.

வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் ஆதலால், அக்கிருமியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கவலையும் காரமும் அமிலமுமே குடற்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் இக்கிருமியை வளர்த்துக் காட்டினர். பிறர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தம் கருத்துக்குச் சான்று தந்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆயுள் முழுதும் தொடர்ந்த நோய் இரண்டு வார மருந்தில் தீரும் நிலை வந்தது அவர்களால்தான்.

ஆனால் எனக்கு நேர்ந்த பெரிய சோதனை வேறு. புனித ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. புண் ஆறும்வரை நோன்பு கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்து வயதுப் பிள்ளைகள் நோன்பிருக்க, அவர்களின் ஆசிரியன் பகலில் அறைக்குள் அமர்ந்து கஞ்சி குடிப்பதா? அழுதேன். எனக்கு ஓதிக்கொடுத்த மூத்த ஹஜ்ரத்திடம் போய் நின்றேன். "நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதல்தான் தம்பி. உடம்பைக் கெடுத்துக்கொண்டதற்கு வெட்கப்படு, கஞ்சி குடிப்பதற்கு வெட்கப்படாதே" என்றார். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. விடுபட்ட நோன்புகளை, உடல் தேறியபின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் களாவாக நோற்று முடித்தேன்.

அன்று முதல் நான் கைக்கொண்ட பழக்கங்கள் எளியவை. காலையில் இட்லியோ கஞ்சியோ உண்ட பிறகே தேநீர். இரவு உணவு மஃரிபை ஒட்டி. உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்கை. படுக்கும்போது இடப்பக்கம் சாய்ந்தால் நெஞ்செரிச்சல் குறைகிறது. கீரையோ அவரைக்காயோ ஏதேனும் ஒன்று தினமும் தட்டில் உண்டு. மருத்துவர் எழுதித் தராத வலி மாத்திரையைத் தொடுவதில்லை. உணவுக்குப் பின் விழுங்கினாலும் அதன் தீங்கு முற்றிலும் நீங்கிவிடாது. புகையிலை புண் ஆறுவதைத் தடுக்கும். அப்பழக்கம் உள்ள அன்பர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ரமலானிலும் மாற்றம் செய்துகொண்டேன். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி ஆகியவற்றோடு நோன்பு திறப்பு நிறைவடைகிறது. பூரிதமான எண்ணெயில் பொரித்த வடையும் சமோசாவும் எப்போதேனும் ஒன்று. ஸஹர் உண்டதும் உறங்கிவிடாமல், சுப்ஹு தொழுது சிறிது நேரம் ஓதுகிறேன்.

மருந்து முடிந்து நான்கு வாரங்களுக்கு மேலான பிறகு செய்த மறுபரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. ஆயினும் அது மீண்டும் தொற்றாது என்பதற்கு உறுதி இல்லை. வாய் வழியாகவும், அசுத்தமான நீர், உணவு வழியாகவும் அது பரவக்கூடும் என்கிறார்கள். ஆகவே மதரஸாவின் குழாயடியில் இப்போது எப்போதும் சோப்பு இருக்கும். மலங்கழித்த பின்னும், உண்பதற்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுவதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன்.

கரும்பலகையில் அதே வட்டத்தை இப்போதும் வரைகிறேன். அதன் பக்கத்தில் என் கதையையும் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு சிறுமி வீட்டுக்குப் போய், "பாட்டியா, உங்களுக்கு மலம் கறுப்பாகப் போகிறதா?" என்று வலி மாத்திரை சாப்பிடும் தன் பாட்டியிடம் கேட்டாளாம். பாட்டி முதலில் சிரித்தாராம்; பிறகு ஆமென்றாராம். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

நான் மூன்று நாள் கூசி மறைத்ததை அக்குழந்தை ஒரே கேள்வியில் வெளிக்கொணர்ந்துவிட்டாள். வயிற்றைப் பற்றிப் பேச வெட்கப்படாதீர்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தந்தருள்வானாக!