கைத்தறித் துண்டு

முப்பது ஆண்டுகள் ஆலய மணி அடித்த கோயில்பிள்ளை ஓய்வு பெற்றார். அவருக்குப் போர்த்த, மேடைகளில் நாம் பெற்ற பொன்னாடைகளில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தோம், கை கூசியது. மிஞ்சியதையா கொடுப்பது? 4ஆம் நூற்றாண்டில், ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குப் புனித மார்ட்டின் ஈந்தது, தாம் போர்த்தியிருந்த மேலாடையின் பாதியை அல்லவா!

கதர்க் கடையில் தேடி, கையால் நூற்றுக் கையால் நெய்த துண்டொன்றை வாங்கினோம். ஆங்காங்கே இழை தடித்திருந்தது. அது நூற்றவர் விரல்களின் சுவடு.

பெரியவர் அதைத் தடவிப் பார்த்தார். "கைத்தறி, சாமி! எங்கப்பா தறியில நெஞ்சவரு" என்றார், கண்கள் பனித்தன.

ஆறு ஆண்டுகள் உடனிருந்தும் அதை நாம் கேட்டறிந்ததில்லை. ஆண்டவரே, கொடுக்குமுன் கேட்கவும் எமக்குக் கற்றுத்தாரும்.