எல்லையோரத்து நாலுகட்டு வீடு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் பழைய சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் கேரளம் முடிந்து களியக்காவிளை வந்துவிடுகிறது. இந்த எல்லையை ஒட்டிய ஊர்களுள் ஒன்று காரோடு. கோவளத்துக்கும் குமரிமுனைக்கும் விரைகிற யாத்திரிகர்கள் இங்கே இறங்குவதில்லை. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை வந்த பிறகு வழிகாட்டிப் பலகைகளில் ஊரின் பெயர் பெரிதாக விளங்குகிறது, அவ்வளவுதான். நாங்கள் அங்கே இறங்கியதற்குக் காரணம் ஒரு வீடு.

எங்கள் நண்பர் ஒருவரின் உறவினருக்குச் சொந்தமான நாலுகட்டு வீடு அது. நடுவில் முற்றம், நாற்புறமும் கூடங்கள், மேலே மங்களூர் ஓடு. இரண்டு அறைகளை ஒழித்து, வருகிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஓர் இரவுக்கு அவர்கள் வாங்கிய தொகை, திருவனந்தபுரத்தில் நடுத்தரமான ஓட்டல் ஒன்றில் கேட்பதில் பாதிகூட இல்லை. காலைப் பலகாரமும் அதற்குள் அடக்கம்.

"மக்களே, தலையப் பாத்து வரணும்" என்று வீட்டு அம்மாள் வாசலிலேயே எச்சரித்தார். எழுபது வயதைக் கடந்தவர். அந்தப் பக்கத்தில் வயதானவர்கள் எல்லோரையும் மக்களே என்றுதான் அழைக்கிறார்கள். நாங்களும் அவரை அம்மா என்றே அழைத்தோம். கதவுநிலை அத்தனை தாழ்வு. குனியாமல் யாரும் அந்த வீட்டினுள் புக முடியாது. ஒரு சாணுக்குக் குறையாத உயரமுள்ள வாசற்படியை வேறு தாண்ட வேண்டும். எங்கள் மகன் முதல் நாளில் மூன்று தடவை இடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் தூக்கக் கலக்கத்திலும் குனிந்து நடந்தான்.

வீட்டின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அப்பகுதியில் இடவப்பாதி மழையும் உண்டு, துலாமழையும் உண்டு. ஆகவே கூரை நன்றாகச் சரிந்து, இறவாரம் சுவருக்கு வெகு வெளியே நீண்டிருக்கிறது. வெயிலும் சாரலும் சுவரைத் தொடுவதில்லை. நெல் வைத்திருந்த அறையின் சுவர்கள் கல்லால் ஆனவை அல்ல. ஒன்றுக்குள் ஒன்று பொருத்திய பலகைகள். நிரை என்று அவற்றுக்குப் பெயர். பலாவும் அயினியும் கொண்டு செய்தவை; தரையிலிருந்து உயர்த்திக் கட்டியிருப்பதால் ஈரம் ஏறுவதில்லை. முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்பிப் போக, தோட்டத்துக் காற்று அறைகளின் வழியே உள்ளே வருகிறது. மின்விசிறி இருந்தது. பகலில் நாங்கள் அதைத் தேடவில்லை.

இரவின் கதை வேறு. கொசுவலை இன்றிப் படுக்க இயலாது. குளியலறை புறவாசலில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எலி ஒன்று உத்தரத்தின் மேல் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. பலகைச் சுவரானதால் பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் நமக்குக் கேட்கும். நாம் பேசுவதும் அவருக்குக் கேட்கும். கணவனும் மனைவியும் சண்டையிட ஏற்ற இடமன்று.

இதையெல்லாம் அனுபவித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் நாங்கள் தங்கியிருந்த மலிவான விடுதி நினைவுக்கு வந்தது. அதுவும் பழைய மரவீடுதான். மாச்சியா என்பது அதன் பெயர். முன்பக்கம் கடையும் பின்பக்கம் குடியிருப்புமாக வணிகர்களும் கைத்தொழிலாளர்களும் வாழ்ந்த நகரத்து வீடு அது. முகப்பு சிறியது, உள்ளே நீண்டு கொண்டே போகும். விலாங்கு மீனின் படுக்கை என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வார்கள். நம் அக்கிரகாரத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. நடுவே கையகல முற்றத்தில் ஒரு செடி, ஒரு கல் விளக்கு. கோரைப்பாய் வேய்ந்த தரையில் மெத்தையை விரித்துப் படுத்து, காலையில் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட வேண்டும். காகிதம் ஒட்டிய கதவுக்கு அப்பால் அண்டை அறைக்காரர் இருமியது அங்கேயும் நன்றாகக் கேட்டது.

ஒரு வேற்றுமை உண்டு. மாச்சியா அடுத்த வீட்டுடன் தோள் உரசி நிற்பது. காரோட்டு வீடோ வாழையும் தென்னையும் மரச்சீனியும் நிறைந்த விளையின் நடுவில் தனித்து நிற்பது. எனினும் இரண்டுக்கும் நோய் ஒன்றே. கியோட்டோவில் 1864-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு எழுந்த வீடுகளே இன்றுள்ளவற்றில் மிகுதி. 1950-இல் வந்த கட்டிடச் சட்டத்துக்குப் பின் பழைய முறையில் புதிதாகக் கட்டுவது இயலாததாயிற்று. ஆகவே இடித்தது இடித்ததுதான். 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 40,000 வீடுகள் எஞ்சியிருந்தன. அவற்றிலும் ஏழில் ஒன்று ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. மறு ஆண்டு நகராட்சி, இடிக்க விரும்புவோர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதி செய்தது. பூட்டிய வீடுகளில் சில, விடுதிகளாக மாறி உயிர் பிழைத்தன. நாங்கள் தங்கியது அவற்றுள் ஒன்று.

பூட்டு ஏன் மரவீட்டைக் கொல்கிறது என்பதைக் காரோட்டு அம்மாள்தான் எங்களுக்கு விளக்கினார். விறகடுப்புப் புகை கூரைக்கு ஏறினால் கைமரத்தில் பூச்சி தங்காது. ஆள் நடமாடினால் கரையான் புற்று கண்ணில் படும். ஓர் ஓடு நகர்ந்தால் அன்று மாலையே ஒழுக்குத் தெரியும். ஏணி வைத்துத் திருப்பிவிடலாம். பூட்டிய வீட்டில் அதே ஒழுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் உத்தரத்தை நனைத்துக் கொண்டிருக்கும். அவருடைய கொழுந்தனாரின் வீடு அப்படித்தான் விழுந்ததாம். பிள்ளைகள் வளைகுடா நாட்டில் இருந்தார்கள். பணத்துக்குக் குறைவில்லை. ஏணி வைக்க ஆள் இல்லை.

ஒரு நாள் பேருந்து ஏறித் தக்கலைக்குப் போய்ப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தோம். திங்கட்கிழமை மூடியிருக்கும், போகிறவர்கள் நினைவில் கொள்க. 1601-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்ததாகக் கூறப்படும் அந்த அரண்மனை, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடத்தில் நிற்கிறது. காரோட்டு வீட்டில் கண்ட அதே தாழ்ந்த நிலைகள், அதே சரிந்த கூரை, அதே மரப்பொருத்துகள், அளவுதான் பெரிது. அதன் ஊட்டுப்புரையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உணவருந்தலாம் என்கிறார்கள். தரை கண்ணாடி போல் மின்னுகிறது. ஆனால் அங்கே கயிற்றுக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். யாரும் தூங்குவதில்லை, அடுப்பு எரிவதில்லை. சம்பளம் பெறும் ஊழியர்கள் அதைக் காக்கிறார்கள். நம் வீடுகளுக்கு அப்படி ஊழியர்களை அமர்த்த எந்த அரசாலும் ஆகாது.

அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருப்பதும், அதைக் கேரள அரசின் தொல்பொருள் துறை பராமரிப்பதும் வெளியூராருக்கு வியப்பாயிருக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்டார்கள். அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே காரோட்டில் பள்ளிப் பாடம் மலையாளம், பெண் எடுத்ததும் கொடுத்ததும் விளவங்கோட்டுப் பக்கம். அம்மாள் வேலைக்காரரிடம் ஒரு மொழியும் எங்களிடம் ஒரு மொழியும் பேசினார். கோழிகளிடம் பேசியது இரண்டும் கலந்தது. அங்கே வீடு கட்டுகிற முறைக்கு மட்டும் எல்லை தெரியவில்லை.

காலையில் புட்டும் பயறும் பப்படமும், மாலையில் அவித்த மரச்சீனியும் மீன் குழம்பும், கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் கிடைத்தன. மட்டிப்பழத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். அருகிலேயே நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு இருக்கிறது. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்னும் பட்ட பலாமரம் இருக்கிறது. இளமையில் மார்த்தாண்ட வர்மா பகைவருக்கு ஒளிந்த பொந்து அதுவே என்பது ஐதீகம். அரை நாளில் பார்த்துத் திரும்பலாம்.

நாங்கள் புறப்படுவதற்கு முன்னாள் மர வியாபாரி ஒருவர் வந்தார். நிலைகளையும் தூண்களையும் அளந்தார். இப்படிப் பிரித்த நாலுகட்டு வீடுகளைக் கொண்டுபோய்க் குமரகத்தைப் போன்ற இடங்களில் உல்லாச விடுதிகளாகத் திரும்ப நிறுத்துகிறார்கள். அங்கே ஓர் இரவுக்குக் கேட்கும் வாடகையில் அம்மாள் வீட்டில் பல நாள் தங்கலாம். அம்மாளின் மூத்த மகன் துபாயிலிருந்து தொலைபேசியில் விலை பேசினார். வீட்டை விற்றுவிட்டு அம்மாள் தன்னுடன் வந்து இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தாயை முதுமையில் தனியே விட அஞ்சும் மகனைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. நம் சங்கத்திலும் அதே கவலையுடன் இருப்பவர்கள் எத்தனை பேர்! இளைய மகனுக்கோ வீட்டை வைத்துக்கொள்ள ஆசை. ஓடு மாற்றவும் குளியலறை கட்டவும் கையில் பணம் இல்லை.

கேரளச் சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளை ஹோம்ஸ்டே என்று வைரம், தங்கம், வெள்ளி ஆகிய தரங்களாக வகுத்துச் சான்று தருகிறது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அம்மாள் துபாய் சென்றுவிட்டால் சான்றும் கிடையாது, அடுப்புப் புகையும் கிடையாது. இளைய மகன் குடும்பத்துடன் திரும்பி வந்தால் இரண்டும் உண்டு. அவர் மனைவி இதற்கு இசைவாரா என்று கேட்டோம். "அவ கிட்ட இன்னும் கேக்கல மக்களே" என்றார் அம்மாள்.

அடுத்த ஓணத்துக்குப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். அப்போது முடிவு செய்வார்களாம். அதுவரை இரண்டு அறைகளும் வாடகைக்குக் கிடைக்கும். பாறசாலை இரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ ரிக்ஷாவில் போய்விடலாம். கொசுவலை அங்கேயே தருகிறார்கள். குடையும் கைவிளக்கும் நாம் கொண்டு செல்வது நல்லது.