பூட்டு விழுந்த பிறகு

மன்னார் நீதவான் நீதிமன்றத்தில் 'விளக்கமறியல்' என்ற சொல் விழுந்தால், ஆளை வவுனியாச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றுதான் எங்கள் தீவில் விளங்கிக்கொள்வோம். தலைமன்னாரிலிருந்து மகனைப் பார்க்கப் போகிற தாய்க்கு அது நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. விடியப் புறப்பட்டு, பஸ் மாறி, வரிசையில் நின்றால் முகம் பார்க்கக் கிடைப்பது சில நிமிடம். அன்றைய கூலியும் போய்விடும். சிறையின் நிலைமை என்று நாங்கள் எழுதுகிற அறிக்கைகளில் இந்தத் தூரத்தையும் ஒரு நிலைமையாக எழுத வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

கைதிகளின் நலனைப் பார்க்கப் போகும் குழுக்களோடு பல வருடம் பல சிறைகளுக்குள் போய் வந்திருக்கிறேன். கீழே சொல்லும் சம்பவங்கள் எந்தச் சிறையில் நடந்தவை என்று எழுதமாட்டேன். இடம் தெரிந்தால் பேசியவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போதும்.

உள்ளே போவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமே வெளியார் வந்து பார்ப்பதற்குப் பார்வையாளர் சபையையும் உள்ளூர்க் குழுக்களையும் வைத்திருக்கிறது. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தடுப்பு இடங்களை ஒழுங்காகப் பார்வையிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் விருப்பத்துக்குரிய நெறிமுறையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் ஒவ்வொரு சிறைக்கும் சாதாரணக் குடிமக்களைக் கொண்ட ஒரு சுயாதீனக் குழு இருக்கிறது. அவர்கள் எந்த நேரத்திலும் எந்த வாட்டுக்கும் போகலாம். அந்த 'எந்த நேரத்திலும்' என்பதில்தான் என் ஏக்கம் இருக்கிறது. நாங்கள் போய்வருவதெல்லாம் பகலில்.

நான் பேசாலையில் கடற்தொழில் வீட்டில் பிறந்தவன். 1983 யூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட செய்தியோடு வளர்ந்த தலைமுறை. முதல் தடவை ஒரு சிறையின் சின்னக் கதவுக்குள் குனிந்து நுழைந்தபோது அந்த எண்தான் மனதில் இருந்தது. கொடுமை கண்ணுக்கு முன்னால் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். நின்றது கழுவின சீமெந்துத் தரையும் டெற்றோல் வாசமும். அத்தியட்சகர் தேநீர் தந்தார். குடித்து முடித்து வாட்டுக்குப் போனால் தரையில் ஈரம் காயவில்லை, பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்தன, ஆட்கள் வரிசையில் குந்தியிருந்தார்கள். குறை உண்டா என்று கேட்டேன். இல்லை சேர் என்றார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த அறிக்கையை இன்று எடுத்து வாசிக்க எனக்கு மனம் கூசுகிறது.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு மீனவர். இராமேஸ்வரம் பக்கத்துக்காரர், எல்லை தாண்டி இழுவைமடி போட்டதாகப் பிடிபட்டு விளக்கமறியலில் இருந்தார். அவரைப் பார்க்க ஒருவரும் வரமுடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் வந்தால்தான் உண்டு. சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனேன். அவர் பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "நீங்க பகல்ல வந்து கேக்குறீங்க சார். சாயங்காலம் பூட்டுன பிறகுதான் எங்களுக்கு ஜெயிலு" என்றார்.

பின்னேரம் பூட்டு விழுந்தால் மறுநாள் காலை வரை திறப்பதில்லை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல். அந்த நேரத்தை எந்தப் பார்வையாளரும் கண்டதில்லை. கண்டவர்களிடம் பகலில் கேட்டுப் பெறுவதுதான் எங்கள் வேலை என்று அன்று பிடிபட்டது. என் தகப்பனார் கரையில் நின்றபடியே இரவு கடலில் காற்று எப்படி இருந்தது என்று திரும்பி வந்தவர்களிடம் கேட்பார். நல்ல காற்றா என்று கேட்கமாட்டார். எத்தனை மணிக்குக் கச்சான் எழும்பியது, வலையை எப்போது வாங்கினீர்கள், வள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் அள்ளிக் கொட்டினீர்கள் என்றுதான் கேட்பார். பதிலைக் கோத்தால் இரவு முழுவதும் தெரிந்துவிடும்.

அப்படித்தான் நானும் கேட்கத் தொடங்கினேன். நேற்று இரவு மல்லாந்து படுத்தீர்களா, ஒருக்களித்தா? பக்கம் மாற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமா? தரையை என் காலடியால் அளந்து தலைக்கணக்கால் வகுத்துப் பார்ப்பேன். சில இடங்களில் ஒரு ஆளுக்கு வரும் அகலம் என் இரண்டு சாணுக்கு மேல் போகாது. இராச்சோறு எத்தனை மணிக்கு வருகிறது? பூட்டுமுன் கொடுத்துவிட வேண்டுமென்று பின்னேரம் மூன்று நான்கு மணிக்கே வந்துவிடும். காலைச் சாப்பாடு வரை அவ்வளவு நேரம், சீனி வியாதிக்காரர் மாத்திரையை எப்போது போடுகிறார்? குழாயை நானே திறந்து பார்ப்பேன், பிறகு இரவில் வருமா என்று கேட்பேன். உள்ளே மலசலகூடம் இல்லாத கூடங்களில் வாளி எங்கே வைக்கிறார்கள், அதன் பக்கத்தில் படுப்பது யார்? கடைசியாக வந்தவர், பார்சல் வராதவர், பாஷை தெரியாதவர். ஒரு கூடத்தில் யாருக்கு மதிப்பில்லை என்று தெரிய வேண்டுமானால் வாளிப் பக்கத்தில் யார் படுக்கிறார் என்று கேட்டால் போதும்.

மனித உரிமைகள் ஆணைக்குழு 20 சிறைகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட பெரிய அறிக்கையிலும் இந்த இரவுதான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: முறைவைத்து உறங்குகிறவர்கள், கழிப்பறை வாசலில் படுக்கிறவர்கள், இரவில் வாளியும் பிளாஸ்ரிக் பையும் பாவிக்கிறவர்கள். வாசித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் என் குறிப்புப் புத்தகத்தில் தனித்துக் கிடந்ததை நாடு முழுக்கப் பார்த்தவர்கள் எழுதியிருந்தது பெரிய பலம்.

தன் குறையை யாரும் முதலில் சொல்வதில்லை. பக்கத்தில் படுப்பவரின் குறையைக் கேட்டால் வாய் திறக்கும். 1979இல் இந்தியாவின் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எழுதிய கடிதமும் இன்னொரு கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றியதுதான். நீதிமன்றம் அதை ஆட்கொணர்வு மனுவாக எடுத்து, நீதிபதிகள் சிறைகளுக்குப் போய்ப் பார்க்கவும் முறைப்பாட்டுப் பெட்டி வைக்கவும் கட்டளையிட்டது.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை, இரவில் நெஞ்சுவலி வந்தவருக்கு ஆள் வரச் சுணங்கியதைப் பற்றி அதிகாரியிடம் பேசும்போது, 'மூன்றாம் வாட்டில் சொன்னார்கள்' என்று சொல்லிவிட்டேன். வாட்டு இலக்கம் மட்டும்தான், பெயர் சொல்லவில்லை. அந்த வாட்டில் அன்று என்னோடு நீண்ட நேரம் கதைத்தவர் ஒருவரே என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அடுத்த முறை போனபோது அவர் அங்கே இல்லை. தூரத்துச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். காரணத்தை நான் நிரூபிக்க முடியாது. அவருடைய மனைவிக்குப் பஸ் பயணம் இரண்டு மடங்காகியது என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதற்குப் பிறகு ஒரு வாட்டில் பத்துப் பேரோடாவது ஒரே அளவு நேரம் கதைக்காமல் வெளியே வருவதில்லை. புத்தகத்தில் பெயர் எழுதுவதில்லை. கடிதம், காசு, தகவல் எதையும் காவிச் செல்வதில்லை. இரண்டு கிழமைக்குள் திரும்பிப் போய், முன்பு பேசியவர்கள் அதே இடத்தில் இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். முதல் போக்கில் சிறை தன்னைக் காட்டுகிறது. நான் பார்க்கத் தொடங்குவது இரண்டாம் போக்கில்.

காவலர்களையும் கேட்க வேண்டும். இரவுக் கடமையில் நிற்பவருக்கு எத்தனை கூடங்கள், சாவி யாரிடம்? ஓர் இளம் காவலர் சிங்களத்தில் என்னிடம் சொன்னார்: உள்ளே கத்துகிறார்கள் என்று தெரிகிறது, என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. தமிழ் தெரிந்தவர் அன்று கடமையில் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நெரிசலை வாளியாலும் குழாயாலும் தீர்க்க முடியாது. இந்த நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் தண்டனை பெறாதவர்கள். பிணை கொடுப்பதே விதி என்று 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் சொன்னாலும், பிணைக்கு ஆள் இல்லாமல் தவணைக்குத் தவணை திரும்பிப் போகிறவர்கள் எங்கள் கரையில் நிறைய. கேரளக் கஞ்சாவோடு பிடிபடும் பொடியன்கள் அரச இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். சுமக்கச் சொன்னவன் வெளியே நிற்கிறான். அக்கரையில், தமிழ்நாட்டுப் புழல் சிறையிலும் எங்கள் மீனவர்கள் இப்படிக் கிடந்திருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மாருக்குப் பஸ்ஸும் இல்லை. நடுவில் கடல்.

இதையெல்லாம் அறிக்கையில் எழுதுகிறேன். ஆனால் நடப்பது சின்ன விடயம்தான்: திகதி போட்டுக் கேட்கக்கூடிய, இன்னொரு நாள் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய விடயம். நெஞ்சுவலிக்காரர் விவகாரத்துக்குப் பிறகு வாட்டுக்குள்ளிருந்து அழுத்தும்படி ஒரு மணி வேண்டுமென்று எழுதினோம். ஐந்து தடவை எழுதினோம். ஆறாவது போக்கில் கதவுப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவிச் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், முன்வாசலில் அடித்தது. இரவில் யாராவது அழுத்தினீர்களா என்று கேட்டேன். இரண்டு நாளுக்கு முன், ஒரு வயதானவருக்கு மூச்சு முட்டியபோது என்றார்கள். எவ்வளவு நேரத்தில் கதவு திறந்தது?

"இருபது நிமிசம் சேர். சாவி வர வேணுமே."

மணி வந்துவிட்டது. சாவி இன்னும் முன்வாசலில்தான் இருக்கிறது. அடுத்த போக்கில் அத்தியட்சகரிடம் சாவியைப் பற்றிக் கதைக்க இருக்கிறேன். இந்தத் தடவை வாட்டு இலக்கம் சொல்லமாட்டேன்.