மூல ஓலையும் படி ஓலையும்

வெள்ளைக்காரர் வந்த பிறகுதான் இந்நாட்டில் சாட்சிச் சட்டம் என்பதே உண்டாயிற்று என்று சொல்லுவோர் இன்றும் உளர். அவர்கள் சேக்கிழாரைப் படித்ததில்லை என்றே நான் எண்ணிக்கொள்வேன். சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரிய புராணத்தில், பக்தி ரசத்துக்கு நடுவே முழு விசாரணையொன்று நடக்கிறது.

வழக்கு நடந்தது திருவெண்ணெய்நல்லூரில். 1993 வரை, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஊர் அது. மணக்கோலத்திலிருந்த சுந்தரரைத் தம் அடிமை என்கிறார் கிழவர் ஒருவர். சுந்தரர் சீறி ஓலையைக் கிழித்தெறிகிறார். ஊர்ச் சபையார் அவசரப்படவில்லை. அந்தணன் அந்தணனுக்கு அடிமையானதாகக் கேட்டதில்லை. ஆகவே ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றால் நிரூபியும் என்கிறார்கள். யாக்ஞவல்கியர் கூறிய அனுபோகம், பத்திரம், சாட்சி என்பனவும் இவையே.

கிழிந்தது படி ஓலை, மூலம் என்னிடம் பத்திரமாயிருக்கிறது என்கிறார் கிழவர். கெட்டிக்காரர்! இதையும் கிழிக்க விடமாட்டோம் என்று சபையாரிடம் உறுதி பெற்ற பிறகே வெளியில் எடுக்கிறார். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, எழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு கூறியதும் இந்த ஒப்புநோக்கைத்தான். 2024 ஜூலையில் அதனிடத்துக்கு வந்த சட்டத்திலும் இது உண்டு.

எழுத்து ஒத்தது, சுந்தரர் தோற்றார். கிழவர் சிவபெருமானாதலால் நாம் மகிழ்கிறோம். வெறும் மிராசுதாராக இருந்திருந்தால்? பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டுமா என்று அச்சபையில் ஒருவரும் கேட்கவில்லை. முன்னோரிடம் எனக்குப் பக்தி உண்டு. ஆயினும் இக்குறையை மறைக்க மனம் ஒப்பவில்லை.

இன்றைய நீதிபதி, ஓலை உண்மையே என்று கண்டாலும் கிழவருக்கு டிக்ரி கொடுக்க இயலாது. அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் நிறைவேற்றலாகாதென்று 1843-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் 1918-இல் ஸ்லேட்டர் வெளியிட்ட நூலைப் பாருங்கள்: அதே தென்னாற்காட்டு இருவேல்பட்டில், தந்தை பட்ட கடன் மகன்மேல் இறங்க, பரம்பரையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாட்களைக் காணலாம். வழிவழி இறங்கும் அந்தக் கடமையையும் கொத்தடிமை என்று பெயரிட்டு ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது.